அர்லீன் ஹவுட்டலாவும் ஒரு மறுப்பும்

மேடையில் இருக்கும் பாஸ்டர் அவர்களே, தலைமையாசிரியர் டேல் பென்ஹேல் அவர்களே, இந்தப் பனியிலும் வண்டி ஓட்டி வந்திருக்கும் பெற்றோர்களே, வாயால் பேசும் பிள்ளைகளே, விரலால் பேசும் பிள்ளைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

அர்லீன் ஹவுட்டலா செவ்வாய்க்கிழமை இறந்தார். நம் பள்ளியின் மூத்த பேச்சுப் பயிற்சியாளர். அடுத்த அறையில் அதே வேலையைச் செய்கிறவள் நான். எங்களுக்கு நடுவே மெல்லிய சுவர்தான். அந்தப் பக்கத்திலிருந்து பெரும்பாலும் சத்தமே வராது. பேச்சுப் பயிற்சி நடக்கும் அறையில் ஏன் இவ்வளவு அமைதி? ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"நானே பேசிட்டிருந்தா பிள்ளை எப்பப் பேசும்?" என்றார். "உன் ரூம்ல இருந்து வர்ற சத்தம் முழுக்க உன்னோடதுதான். கவனிச்சிருக்கியா?"

அவர் இனிமையானவர் என்று சற்று முன் ஒருவர் சொன்னார். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. கறாரானவர். அந்தக் கறார் எதற்காக என்பதை மட்டும் சொல்ல வந்தேன்.

ஜூனி மத்தீலாவை உங்களுக்குத் தெரியும். ஏழு வயது. எல்லாம் புரியும், வாயால் பேச வராது. அவளுக்கு அர்லீன் ஒரு படப்பலகை செய்து தந்தார். சொல்ல நினைப்பதன் படத்தை அவள் தொட வேண்டும். பயிற்சியாளர்களாகிய நாங்கள் முதலில் ஒட்டும் படங்கள் என்னென்ன? 'இன்னும்', 'தயவுசெய்து', 'நன்றி'. பெரியவர்களுக்குப் பிடித்த சொற்கள். அர்லீன் முதலில் ஒட்டியது 'வேண்டாம்'. சிவப்புப் படம். மேல் மூலையில்.

ஜூனி அதைத்தான் தொட்டாள். வாசிப்பு நேரத்தில் தொட்டாள். சாப்பாட்டு மேசையில் தொட்டாள். வகுப்பாசிரியை கோரின் குட்மார்னிங் சொன்னாலும் தொட்டாள். கோரின் அந்தப் படத்தைப் பிய்த்து மேசை இழுப்பறைக்குள் போட்டார். இதைச் சொல்லலாம் என்று அவரே அனுமதி தந்தார். அதோ, மூன்றாவது வரிசையில் இருக்கிறார்.

பிறகு ஜூனி எந்தப் படத்தையும் தொடவில்லை. தட்டைத் தள்ளினாள். கத்தினாள். "கத்தாத, பலகையில சொல்லு" என்றோம். பலகையில் எதைச் சொல்வாள்?

வசந்தத்தில் ஆண்டுக் கூட்டம் வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் எந்த உதவி தொடரும், எது நிற்கும் என்று முடிவு செய்யும் கூட்டம். ஜூனி பலகையைத் தொடுவதே இல்லை, ஆகவே திரும்ப வாங்கிவிடலாம் என்று எங்களில் பலர் நினைத்திருந்தோம். அவளுடைய அம்மா ஷெல்லி கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

அர்லீன் எங்கள் ஒவ்வொருவர் முன்னும் ஒரு சின்னப் பலகை வைத்தார். மூன்றே படங்கள். இன்னும், தயவுசெய்து, நன்றி.

"பத்து நிமிஷம் யாரும் வாயத் திறக்கக் கூடாது. எதுவா இருந்தாலும் இதுல சொல்லுங்க."

பிறகு காபி ஊற்றத் தொடங்கினார். நம் ஊரில் காபி ஊற்றுகிறவரை யார்தான் தடுப்பார்கள்? டேலின் கோப்பை நிறைந்தது. டேல் கையால் கோப்பையை மூடினார். அர்லீன் அந்தக் கையை மென்மையாக எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு ஊற்றினார். தட்டில் ஏலக்காய் ரொட்டி ஒன்று வைத்தார். இன்னொன்று வைத்தார். டேல் பலகையைப் பார்த்தார். வேறு வழியின்றி 'நன்றி'யைத் தொட்டார்.

"நன்றியா? ரொம்ப சந்தோஷம்" என்று மூன்றாவதையும் வைத்தார். காபி வழிந்து டேலின் கால்சட்டையில் விழுந்தது.

"போதும் அர்லீன்! எத்தனை தடவை கையக் காட்டறது?"

"கத்தாதீங்க டேல். பலகையில சொல்லுங்க."

யாரும் சிரிக்கவில்லை. பிறகு ஷெல்லி மட்டும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அழுதார். கோரின் எழுந்து தன் வகுப்புக்குப் போய்ச் சிவப்புப் படத்தோடு திரும்பி வந்தார். பலகை ஜூனியிடமே இருந்தது.

அடுத்த பல வாரங்கள் அவள் மறுத்துக்கொண்டே இருந்தாள். அர்லீன் ஒவ்வொரு முறையும், "சரி, வேண்டாம்" என்று எடுத்து வைத்தார். புத்தகத்தை எடுத்து வைத்தார். பொம்மையை எடுத்து வைத்தார். ஒருநாள் ஜூனி அவரையே பார்த்து அதைத் தொட்டபோது, எழுந்து வெளியே போய் நின்றார். குளிர்காலம் வந்தபோது ஜூனி பனியில் சறுக்கும் 'ஸ்லெட்' தொட்டாள், 'நாய்' தொட்டாள், 'அம்மா எங்கே' தொட்டாள். மறுத்தால் நடக்கும் என்று தெரிந்தபின்தான் கேட்கத் தொடங்கினாள்.

இப்போது சொல்ல வேண்டியது இது. செவ்வாய்க்கிழமையிலிருந்து ஜூனி பலகையைத் தொடவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் அந்தக் கூட்டம். பயன்படாத பலகையைப் பற்றி அங்கே என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஜூனிக்கான அர்லீனின் நேரத்தை இப்போது எனக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். நேற்று ஜூனியிடம் போனேன். பலகையிலேயே கேட்டேன். 'நான்' தொட்டேன். 'உன்னோடு' தொட்டேன். 'உட்காரலாமா' தொட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"அவ அழலையே. சரின்னே எடுத்துக்கோம்மா" என்றார் பக்கத்தில் இருந்த ஷெல்லி.

அழாமல் இருப்பது சம்மதமா? சுவருக்கு அந்தப் பக்கம் இத்தனை வருடமாக நிலவிய அமைதி, பிள்ளையே பதில் சொல்லட்டும் என்று காத்திருந்த அமைதிதானே?

இப்படிப்பட்ட மேடையில், விட்டுப்போன பணியைத் தொடர்வேன் என்று சூளுரைப்பார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியாது. அதற்கு அனுமதி தர வேண்டியவள் இன்னும் தரவில்லை. நாளை காலை அவளிடம் மறுபடி கேட்பேன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மறுநாளும் கேட்பேன். உங்கள் முன் நான் தரும் உறுதி இவ்வளவுதான்.

அவள் என்னை வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால், எழுந்து வெளியே போவேன். வேறொருவரை அனுப்புவேன். பிறகு நேராக அந்தக் கூட்டத்துக்குப் போய், ஜூனி பலகையில் பேசிவிட்டாள் என்று சொல்வேன்.