ஒண்ணும் பேசல

என் விசா ஃபைலையா கேக்கற? குடுக்கறேன், எனக்கென்ன. ஆனா அதைப் பாத்து அப்படியே எழுதி வச்சேன்னா உனக்கும் இல்லைன்னுதான் வரும், இப்பவே சொல்லிட்டேன். அந்த பெட்ஷீட் முனையைப் பிடி. அப்படி இல்லம்மா, மடிச்சுத் தச்ச பக்கம் உள்ள போகணும். வெளியில தெரிஞ்சா சூப்பர்வைசர் மொத்தக் கட்டையும் திருப்பி மெஷின்ல போடச் சொல்லுவான்.

யாரு சொன்னா உனக்கு, சமையக்கட்டுல இருக்கற அக்காவா? அவங்க வாய்க்கு ஒரு பூட்டு வாங்கிப் போடணும். பரவால்ல, மறைக்க என்ன இருக்கு. நீயும் உன் புருஷனை ஊர்லேர்ந்து இங்க கூப்பிட எழுதிப் போடப் போற, தெரிஞ்சுக்கறது நல்லதுதான். என் வீட்டுக்காரருக்கு முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. ஏன் தெரியுமா? இது நெஜமான கல்யாணம்னு நம்ப முடியலையாம். தாலி கட்டினவருக்கும் கட்டிக்கிட்டவளுக்கும் தெரியாதது, மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கறவனுக்குத் தெரிஞ்சு போச்சு.

அவர் யாருன்னு நெனச்ச, என் சொந்த அத்தை பையன். ஒரே தெரு. நான் மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்சதையெல்லாம் பாத்தவர். அவரைப் போய், உங்க மனைவியை முதல்முதல்ல எங்க சந்திச்சீங்கன்னு கேட்டிருக்காங்க. அவர் என்ன சொல்லுவாரு? சந்திச்சதெல்லாம் இல்லீங்க, அவ அங்கதான் இருந்தான்னு சொல்லியிருக்காரு. சிரி, சிரி. நானும் அன்னிக்கு இப்படித்தான் சிரிச்சேன். உங்க மனைவிக்குப் புடிச்ச கலர் என்னன்னா, கேட்டதில்லைங்கறாரு. அன்பா இருக்கேன்னு எப்பவாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கீங்களான்னா, இல்லைங்கறாரு. பொய் சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கிட்டா இதான் கதி.

அதைக் கூட விடு. பெரிய கூத்து போன்லதான். அவர் மோட்டார் ரிப்பேர் பண்றவரு. எரிஞ்சு போன மோட்டாரைப் பிரிச்சு, கம்பியை உருவிட்டுப் புதுசா காயில் சுத்தணும். சுத்து கணக்கு தப்பக் கூடாது, அதனால வேலை நேரத்துல வாயைத் தொறக்க மாட்டாரு. மத்த நேரத்துல மட்டும் தொறப்பாரான்னு கேக்காத, ஊமைக்கோட்டான். ஆனா தினம் எனக்குப் போன் பண்ணுவாரு. பண்ணிட்டு ஸ்பீக்கர்ல போட்டு மேசையில வச்சிடுவாரு. அவர் பாட்டுக்குக் கம்பி சுத்துவாரு, நான் பாட்டுக்கு இங்க பாத்திரம் கழுவுவேன், துணி மடிப்பேன். சுத்தியல் தட்டற சத்தம் கேக்கும், அவர் இருமறது கேக்கும். ஒரு மணி நேரம் கழிச்சு, சரி வைக்கட்டான்னு கேப்பாரு. வைன்னு சொல்லுவேன். அவ்வளவுதான். எனக்கு அது போதுமா இருந்துச்சு, சத்தியமா போதும்.

அந்தப் போன் கணக்கையெல்லாம் நாங்களே எடுத்துக் குடுத்தோம், நல்ல சாட்சின்னு நெனச்சு. புத்திசாலித்தனத்தைப் பாரு. என்னைத் தனியா கூப்பிட்டுக் கேட்டாங்க, தினம் இவ்வளவு நேரம் என்ன பேசுவீங்கன்னு. ஒண்ணும் பேச மாட்டோம்னேன். அங்க அவரைத் தனியா வச்சுக் கேட்டிருக்காங்க. அவரும் ஒண்ணும் பேசலன்னிருக்காரு. ரெண்டு பேரும் ஒரே பதில் சொன்னா உண்மைன்னுதானே எடுத்துக்கணும்? இல்லையாம். எதையோ மறைக்கறோமாம்.

இதை அடுக்கிக்கிட்டே பேசுவோம், வண்டி வந்துடும். தலையணை உறை தனியா வை.

மெசேஜையும் விடல. சாப்டியா, ம், நீ, ம், மழையா, ஆமா. அவ்வளவுதான் எங்க மெசேஜ். அதை மொழிபெயர்த்து, பச்சைப் பேனாவால அங்கங்க கோடு போட்டு வச்சிருந்தாங்க. எம்புருஷன் எனக்கு எழுதினதை நாலு பேர் உக்காந்து, இதுல அன்பு எத்தனை கிராம் இருக்குன்னு நிறுத்துப் பாத்திருக்காங்க. கல்யாண போட்டோவுல நடுவுல இடைவெளி இருக்காம். என் மாமனார் முன்னாடி நின்னு கட்டிப் புடிச்சுக்கவா முடியும்?

அப்புறம் அப்பீலுக்கு ஒரு வக்கீலம்மாவைப் புடிச்சேன். கெட்டிக்காரி. உங்க கல்யாணம் நெஜம்னு எனக்குத் தெரியுது, ஆனா தெரியறது வேற காட்டறது வேற, இனிமே காட்டுங்கன்னாங்க. அவங்க ஆபீஸ்ல கம்ப்யூட்டர் அடிக்கற பையன் ஒரு தாள் குடுத்தான். புருஷன் பொண்டாட்டிக்கு எப்படி எழுதணும்னு நம்பர் போட்டு மாதிரி வரிங்க. அதைப் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பி வச்சேன். வேற வழி?

அன்னியிலேர்ந்து புடிச்சுது சனியன். காலையில எழுந்தா, என் உயிரே, உன் நினைவில் விடிந்தது இந்த நாள். சாயங்காலம் ஆனா, நிலவைப் பார்க்கும்போதெல்லாம் உன் முகம். யாரு, ஸ்குரூ டிரைவரைக் காதுல சொருகிக்கிட்டுத் திரியற மனுஷன். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. நானும் பதிலுக்கு எழுதணுமாம். எழுதினேன். எழுதிட்டுப் போய் மூஞ்சி கழுவிக்கிட்டேன். அந்தப் போனும் கொறஞ்சு போச்சு, அவருக்கு ஒத்தை விரலால டைப் அடிக்கவே நேரம் சரியா இருக்கு.

ஒரு நாள் வக்கீல் ஆபீஸ்ல காத்துக்கிட்டு இருக்கேன், பக்கத்துல ஒரு பொண்ணு போனைப் பாத்துச் சிரிக்குது. எங்க வீட்டுக்காரர் என்ன எழுதியிருக்காரு பாருங்கன்னு காட்டுச்சு. பாத்தா அதே நிலா. ஒரு எழுத்து மாறல. அந்தப் பொண்ணு முகத்துல அவ்வளவு சந்தோஷம், நான் என்னத்தைச் சொல்ல. நல்லாருக்கும்மான்னு சொல்லிட்டு வெளியில வந்துட்டேன். ச்சீ, இப்படியும் ஒரு பொழைப்பா. ஊர்ல ஒவ்வொருத்தியும் ஒரே தாளைப் படிச்சு முகம் சிவக்கறா.

இந்தக் கையா? இது அந்த இஸ்திரி உருளையில மாட்டினது. நீயும் ஜாக்கிரதையா இரு, துணி உள்ள சுருண்டா கையை விடாத, சுவிட்சை அமுத்து. தோல் உரிஞ்சு போச்சு. அவருக்குச் சொன்னேன். முன்னையா இருந்தா, கண்ணை எங்க வச்சிருந்தன்னு ஒரு கத்து கத்தியிருப்பாரு. நானும் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன்னு வச்சுக்கயேன். வரல. கொஞ்ச நேரம் கழிச்சு மெசேஜ் வருது. உன் கை எரியறதுக்கு இங்க என்னால கம்பி புடிக்க முடியல, மூணு மோட்டார் அப்படியே கெடக்குதுன்னு.

எனக்கு எரிச்சல்தான் வந்துச்சு. கை வெந்து கெடக்கறப்பவும் கேஸுக்கு எழுதறாரேன்னு. கட்டு போட்ட கையோட அந்தத் தாளை எடுத்துத் தேடினேன், எந்த எண்ணுன்னு பாக்கலாம்னு. முன்பக்கம் பாத்தேன், பின்பக்கம் பாத்தேன். அதுல இல்ல.

அவரா எழுதினதா? தெரியல. நான் கேக்கல. கேட்டு, அந்தப் பையன் புதுத் தாள் ஒண்ணு அனுப்பினான்னு சொல்லிட்டாருன்னா? அதுக்கப்புறமும் அப்பப்போ தாள்ல இல்லாதது ஒண்ணு ரெண்டு வருது. ஒரு நாள், உன் பழைய செருப்பு வாசல்லயே இருக்கட்டும்னு அம்மாகிட்டச் சொல்லிட்டேன்னு எழுதியிருந்தாரு. நேத்து மெசேஜ் வர லேட் ஆச்சு. வெக்கம் கெட்டவ, போனைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். இந்த வயசுல. என்னைப் பாத்தா எனக்கே அருவருப்பா இருக்கு.

இழு, நல்லா இழு. சுருக்கம் போகட்டும்.

அப்பீலா? அது போன வாரமே வந்துடுச்சு. ஆமா, குடுத்துட்டாங்க. வக்கீலம்மாதான் போன் பண்ணி, உங்க மெசேஜைப் படிச்சுட்டு அதிகாரியே உருகிட்டாருன்னு சிரிச்சாங்க. இனிமே டிக்கெட் போட வேண்டியதுதான் பாக்கி.

எங்க, இன்னும் அவர்கிட்ட சொல்லல. நானே சொல்லிக்கறேன், நீங்க சொல்லிடாதீங்கன்னு வக்கீலம்மாகிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். சொல்லணும்தான். சொன்னா எழுதறதை நிறுத்திடுவாரு.