கைப்பிடிச் சுவருக்குக் கீழே தக்காளி

மொட்டை மாடியில் கைப்பிடிச் சுவரைத் தாண்டும் செடிக்குக் குடியிருப்போர் சங்கத்தின் எழுத்து அனுமதி வேண்டும். மனு கொடுத்தால் முப்பது நாளில் பதில் தர வேண்டும். விதி என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது.

திருவொற்றியூரில் ரயில் ஏறிய இரண்டு மீன்காரப் பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள்.

“தக்காளி வளராம நின்னுச்சு பாரு, அதான் பொழச்சேன்” என்றாள் மூத்தவள்.

“இன்னாக்கா, செடி வளராட்டி அழுவாங்க. நீ சிரிச்சிகினு கீற!”

“போன வருசம் மாடில வச்சது கொடியாட்டம் செவுத்தத் தாண்டிச்சு. நம்மூரு புழுக்கத்துல பூவும் கொட்டிச்சு. சங்கத்து செகரட்டரி மொத்தத்தையும் புடுங்கிப் போட்டாரு. இந்தத் தபா கடைல கேட்டு குட்டை ரகமா வாங்கினேன். இடுப்பளவோட நின்னுடும், சூட்டுக்குப் பூ உதிராது.”

“அவரு சும்மா வுட்டாரா?”

“டேப்பு எடுத்துகினு வந்தாரு. செவுத்துக்கு நாலு விரக்கடை கீழ நிக்குது! அப்பதான் எனக்கு மூச்சே வந்துச்சு. ரெண்டு பழம் குடுத்து அனுப்பிச்சேன்.”

“செவுத்தத் தாண்டுற செடிக்குனு தை மாசம் மனு குடுத்தியே, அது?”

“அத்த ஏன் கேக்குற! இந்த ரகம் ஒரே வாட்டியா காய்ச்சு ஓஞ்சிடும். பறிச்சு, தொக்கு பண்ணி, செடியையும் புடுங்கினப்புறம் வந்துச்சு, ‘செடி வைக்கலாம்’னு.”

“எப்போ?”

“ஆடி பதினெட்டு.”