வேலி அண்ணனுக்கு ஒரே ஓர் உறுதிமொழி

மேடையில் வீற்றிருக்கும் மருத்துவமனை இயக்குநர் அவர்களே, தலைமைச் செவிலியர் அவர்களே, மென்பொருள் பிரிவின் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, வணக்கம்.

நிரலாளர் திலகம், எங்கள் வேலி அண்ணன் போய்விட்டார்! நான் மேடையேறும் முன் அண்ணி கேட்டார்: "அவரு எழுதினது ஏதாச்சும் மிச்சம் இருக்குமா தம்பி?" அதற்குப் பதில் சொல்லத்தான் இங்கே நிற்கிறேன்.

ஏன் 'வேலி' என்று பெயர்? கணினிக்கு எழுதும் கட்டளைகளில், அதாவது நிரலில், எந்த வரி எந்த நிபந்தனைக்குள் அடங்கும் என்று காட்ட இரண்டு வழிகள் உண்டு. அடைப்புக்குறி போட்டு மூடலாம். அல்லது வரியின் முன்னே இடம் விட்டு உள்ளே தள்ளி எழுதலாம். அண்ணன் அடைப்புக்குறிக் கட்சி. "வேலி இல்லாத வயல்ல எது வேணா பூந்துரும்" என்பார். நான் இடம் விடும் கட்சி. பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்துகொண்டு எத்தனை ஆண்டுச் சண்டை!

ஒருமுறை எங்கள் கட்சிக்காரர் ஒருவர் அரட்டைச் செயலியிலிருந்து நிரலை நகலெடுத்து ஒட்டினார். ஒட்டியதில் ஒரு வரி இடப்பக்கம் நகர்ந்துவிட்டது. காய்ச்சல் ஏறியவருக்கு மட்டும் மணி அடிக்க வேண்டிய வரி அது. எல்லாக் கட்டிலுக்கும் அடித்தது! தலைமைச் செவிலியர் தொலைபேசியில் பொரிந்து தள்ளினார்: "நல்லா இருக்கறவங்களுக்கெல்லாம் மணி அடிக்குது, உங்களுக்கென்ன பைத்தியமா?" கண்டுபிடித்தது யார்? அண்ணன்! ஆளைக் காட்டிக்கொடுத்தாரா? இல்லை! "கண்ணுக்குத் தெரியாத எடத்த நம்பி உசுர ஒப்படைக்காதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

அவரும் சறுக்கினார். மூடும் குறி ஒன்றைத் தவறான இடத்தில் போட்டுவிட்டு நாள் முழுக்கத் தேடினார். பார்வைக்கு வரிகள் ஒழுங்காகத்தான் இருந்தன. கணினிதான் வேறொன்றைச் செய்தது. "என்னண்ணே, வேலியே பயிர மேஞ்சிருச்சா?" என்றேன். "போடா, உன் மூஞ்சி!" என்று சிரித்தார். "கண்ணுக்குத் தெரியறதும் கம்ப்யூட்டர் செய்யறதும் ஒண்ணா இருக்கணும்ணே" என்றேன். இன்றும் அதையேதான் சொல்வேன். அவர் இறந்துவிட்டார் என்பதற்காக நான் கட்சி மாற முடியுமா?

ஆனால் தோழர்களே, வென்றது யார்? இருவருமே தோற்றோம்! வேலியோ வெற்றிடமோ, நாளை ஒரு மனிதர் இதைப் படிப்பார், அவருக்குப் புரிய வேண்டும் என்றுதானே அடித்துக்கொண்டோம்? இனி யார் படிக்கப்போகிறார்கள்? நாளை நம் பழைய நிரல்களையெல்லாம் நிறுத்திவிட்டுப் புது அமைப்பு வருகிறது. இயந்திரமே எழுதும், இயந்திரமே திருத்தும். அதற்கு எப்படி எழுதினாலும் ஒன்றுதான்.

அண்ணி, மேடையில் நின்று பொய் சொல்ல எனக்கு வராது. எதுவும் மிச்சம் இருக்காது.

அவர் பணியைத் தொடர்வோம் என்று சூளுரைத்து இறங்குவது வழக்கம். எதைத் தொடர்வது? யாருக்காகத் தொடர்வது? என்னால் ஒன்றுக்கு மட்டுமே உறுதி கூற முடியும். நாளை அவருடைய நிரலை நிறுத்தும்போது வெளியாட்களைக் கை வைக்க விடமாட்டேன். முதல் வரியிலிருந்து கடைசி அடைப்புக்குறி வரை உட்கார்ந்து படிப்பேன். படித்து முடித்த பிறகு, நானே நிறுத்துவேன்.