யாருக்கு எவ்வளவு மிச்சம்

— கத்தாதடா மதனு! போன் ஸ்பீக்கர்ல இருக்கு. உள்ள அப்பா கேட்டுக்கிட்டே படுத்திருக்காரு.

— கேக்கட்டும் ஜோதியக்கா. டொரண்டோவுல குழந்தையப் பார்த்துக்க ஆள் வெச்சா மாசம் லட்சத்துப் பத்தாயிரம். மைசூர்ல அப்பாவ முதியோர் இல்லத்துல விட்டா பதினெட்டாயிரம். அம்மா இங்க வந்துட்டா எவ்வளவு மிச்சம், நீயே சொல்லு!

— பெத்தவங்கள ஆளுக்கொரு தேசத்துல வெச்சு மிச்சம் பிடிப்பியா? வலது கையும் வாயும் விழுந்த மனுஷன்டா. அம்மா ஊட்டலைன்னா ஒரு பருக்கை இறங்காது.

— அப்ப நீ கூட்டிட்டுப் போய் ஊட்டு.

— எங்க? ஹெப்பாள்ல ஒத்த ரூம்ல நாலு பேரு இருக்கோம். உன் மச்சான் ஃபேக்டரில வாங்கறதே இருபத்திரண்டு. அதுல வாடகை ஒன்பது.

— நான் மட்டும் அரண்மனையிலயா இருக்கேன்? தரைக்குக் கீழ ரூம், அதுக்கே ஒண்ணேகால் லட்சம். ஒரு காலிஃபிளவர் நானூறு ரூபா. முடி வெட்டக்கூடக் கடைக்குப் போறதில்ல, பொண்டாட்டி சௌம்யாதான் வெட்டி விடறா.

— அது போட்டோவுலயே தெரியுது கண்ணு, ஆடு மேஞ்சாப்ல.

— யாரு, பக்கத்து வீட்டு ராணியத்தையா? நீங்க எப்ப வந்தீங்க?

— மாவுப் பாத்திரம் திருப்பித் தர வந்தேன். எனக்கெதுக்கு உங்க வீட்டுப் பேச்சு! ஆனா பதினெட்டாயிரம் அதிகம் மதனு. நான் விசாரிச்சு வெக்கறேன்.

— நீங்க சும்மா இருங்கத்தை. டேய், கல்யாணத்தப்ப சம்பளத்த ரூபாயில சொன்னே, நாலு லட்சம்னு. அப்பாவுக்கு அனுப்பச் சொன்னா டாலர்ல சொல்றே, வெறும் ஆறாயிரம்னு. அம்மா, வாயத் தொறந்து சொல்லும்மா, போக மாட்டேன்னு!

— போறேன் ஜோதி. முப்பத்தாறு வருஷம் இவருக்கே சோறு போட்டாச்சு. பேரனாச்சும் வளர்ந்து ஒருநாள் தானா எடுத்துச் சாப்பிடும்.

*

— ஏன் ராணியக்கா, நான் கொள்ளேகால் போய்ட்டு வர்றதுக்குள்ள பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கு?

— மூணு மாசம் ஊர்ல உக்காந்துட்டா உனக்கெப்படித் தெரியும் தேவம்மா? மாதம்மா மகன்கிட்டப் போக ஏரோப்ளேன் ஏறிட்டா. ஜோதி புருஷனுக்கு ஓசூர்ல வேலை கிடைச்சு அவங்களும் போய்ட்டாங்க.

— ஹௌதா, அப்படியா? அப்ப மாதம்மா புருஷன் காளியப்பண்ணன் முதியோர் இல்லத்துலயா?

— எங்க மாடி ரூம்ல! யாருக்கோ பதினெட்டு கொடுக்கறதுக்கு, பன்னெண்டுக்கு நான் பார்த்துக்கறேன்னேன். மாசம் ஆறாயிரம் மிச்சம்னு மதனும் சந்தோஷமா அனுப்பறான்.

— மூணு வேளையும் நீயே ஊட்டறியா?

— மூணு வேளையா! இந்த விலைவாசியிலயா? காலையில ஒரு உருண்டை ராகிக் களி, அவ்வளவுதான். நானும் நாலு காசு மிச்சம் பார்க்க வேண்டாமா?

— பாவம்க்கா. மாதம்மா கேக்க மாட்டாளா?

— ஞாயித்துக்கிழமை தவறாம வீடியோவுல கூப்பிட்டு அவருகிட்டச் சாப்பிட்டீங்களான்னு கேப்பா. அவரு இடது கையில ஒத்த விரலக் காட்டிக் காட்டி அழுவாரு. 'ஒரே ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்கறாரு மாதம்மா'ன்னு நான் சொல்லிடுவேன். டிக்கெட் விலையச் சொல்லி அவளும் அழுவா.