அவள் எழுதிய குழாய்

ஈஸ்டுக்குப் பசி தாங்காது. அது ஒன்றைத் தவிர அதன்மேல் வேறு குறை சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருஷம் ஆய்வக உதவியாளாக அதற்குச் சாப்பாடு காய்ச்சி ஊற்றியவள் சொல்கிறேன்.

பழைய விசாரணையை மறுபடி திறக்க, யார் எப்போது ஃப்ரீசரைத் திறந்தார்கள் என்ற பதிவேட்டை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். கேட்டதற்குப் பதில் சொல்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணை ஆய்வகத்தில் எல்லாரும் பட்டாணி என்றுதான் கூப்பிடுவோம். ஆள் அவ்வளவு சின்னது, ஓர் இடத்தில் நிற்காமல் உருண்டுகொண்டே இருப்பாள். அவள் ஆராய்ச்சி ரைபோசோம் பற்றியது. செல்லுக்குள் புரதம் செய்யும் இயந்திரம் அது. அதைக் கோத்து முடிக்க இருநூறு புரதங்கள் வந்து பிடித்துக் கொடுத்துவிட்டு விலகிப் போகும், கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிறவர்கள் மாதிரி. அதில் இரண்டு பேர் ஒருவரையொருவர் தொட்டுக்கொள்கிறார்கள் என்பது பட்டாணியின் கட்சி.

தொடுகிறதா என்று பார்க்க வழி உண்டு. இரண்டு புரதத்தையும் ஈஸ்டுக்குள் வைத்து, ஒரு சத்தைக் குறைத்த தட்டில் விடுவோம். தொட்டால் ஈஸ்ட் அந்தச் சத்தைத் தானே செய்துகொண்டு வளரும். தொடாவிட்டால் பட்டினிதான். சரிபார்ப்பதற்காக, நிச்சயம் தொடும் என்று தெரிந்த வேறொரு ஜோடியையும் பக்கத்தில் வைப்போம். அது எப்போதும் கொழுகொழுவென்று வளரும். பட்டாணியின் ஜோடி பதினான்கு மாதமாக வளரவில்லை.

பேராசிரியர் பொறுமைசாலி என்று யாரும் சொன்னதில்லை. "இன்னும் ரெண்டு வாரம் பாரு. வளரலன்னா உதவித்தொகையை நிறுத்திடுவேன், ஊருக்குக் கிளம்பு" என்றார். அன்றைக்கு அவள் என் மேஜைக்குக் கீழே உட்கார்ந்து அழுதாள். மேலே உட்கார்ந்தால் மற்றவர்கள் பார்ப்பார்களாம். "வெறுங்கையோட எப்படிக்கா வீட்டுக்குப் போவேன்?" என்று கேட்டாள். கல்மனசுக்காரி இல்லை நான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் யாரும் இல்லை. அவள் ஈஸ்டை உறைய வைத்திருந்த குழாயை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, உள்ளே இருந்ததைக் கொட்டி, கழுவி, நிச்சயம் வளரும் அந்த ஜோடியை ஊற்றி, திரும்ப உறைய வைத்தேன். மொத்தம் இருபது நிமிஷ வேலை. எங்கள் இடத்தில் ஒரு சட்டம் உண்டு. அவரவர் குழாயில் அவரவர்தான் பெயர் எழுத வேண்டும், இன்னொருவர் பேனாவே வைக்கக் கூடாது. அதனால் குழாயின்மேல் அவள் கையெழுத்து அப்படியே இருந்தது. ஏற்கெனவே சரிபார்த்துப் பூட்டிய குழாயை மறுபடி யார் சோதிப்பார்கள்?

வளர்ந்தது. மூன்று தடவை செய்து பார்த்தாள், மூன்று தடவையும் வளர்ந்தது. "உங்க கைராசிக்கா!" என்று என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். அந்த ஆய்வகத்தில் அதுவரை யாரும் என்னைத் தொட்டதுகூட இல்லை. பட்டாணி படிப்பை முடிக்கட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நாள் தள்ளிப் போனது.

அதை வைத்து அவள் எழுதிய கட்டுரை வெளிவந்து இரண்டு வருஷம் கழித்து, வேறோர் ஆய்வகம் அந்த ஈஸ்டைக் கேட்டது. நானே பொட்டலம் கட்டி அனுப்பினேன், அதுதானே என் வேலை. இதில் உங்கள் புரதமே இல்லையே, உங்கள் சரிபார்ப்பு ஜோடி அல்லவா இருக்கிறது என்று பதில் வந்தது. பேராசிரியர் ஒரே வாக்கியம்தான் சொன்னார். "உப்பத் தின்னவ தண்ணி குடிக்கட்டும்."

விசாரணைக் குழுவில் மூன்று பேர். "இந்தக் குழாயை வேற யாராவது தொட்டிருக்க முடியுமாம்மா?" என்று என்னைக் கேட்டார்கள். "அவங்கவங்க குழாய்ல அவங்கவங்கதான் சார் எழுதுவாங்க. இது அந்தப் பொண்ணு எழுத்துதான்" என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்றைக்குப் பட்டாணி பாத்திரம் கழுவும் அறையில் நின்று, "நான் செய்யலக்கா, சத்தியமா செய்யல" என்றாள்.

"எனக்குத் தெரியாதாம்மா? அசதியில கை மாறியிருக்கும். அப்படியே எழுதிக் குடுத்துடு. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு இரு."

வாசகத்தை நானே எழுதிக் கொடுத்தேன். அவள் 'அசதியில்' என்ற சொல்லை மட்டும் அடித்தாள். "எனக்கு அசதியே இல்லையேக்கா" என்றாள். அந்தச் சொல் இருந்திருந்தால் குழு கொஞ்சம் இரங்கியிருக்கும். அது இல்லாததால் வேண்டுமென்றே செய்ததாக எடுத்துக்கொண்டார்கள். பட்டம் போனது.

இப்போது மருந்துக் கடையில் நிற்கிறாள். ஒவ்வொரு அட்டையின் பெயரையும் நாலு தடவை படித்துவிட்டுத்தான் கொடுக்கிறாளாம், வாங்க வருகிறவர்கள் திட்டுகிறார்களாம். மாசம் தவறாமல் எனக்குப் போன் செய்வாள். முதல் வருஷம் "நான் செய்யலக்கா" என்பாள். அப்புறம் "மாத்தி ஊத்தியிருப்பேனோ?" என்று கேட்க ஆரம்பித்தாள். போன மாசம் சொன்னாள், "இப்ப நல்லா ஞாபகம் வருதுக்கா. நான்தான் ஊத்தினேன். குழாய் எவ்வளவு சில்லுன்னு இருந்துச்சுன்னுகூட ஞாபகம் இருக்கு." "போகட்டும் விடும்மா, மனுஷங்கன்னா தப்பு நடக்கத்தான் செய்யும்" என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாளாம்.

ஊற்றியது நான். எழுதிக் கொடுத்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன். அவளுக்கு மட்டும் இதைச் சொல்லிவிடாதீர்கள். பாவம், தாங்க மாட்டாள், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?