காலனி நிறுத்தம்

சாதிக் கலவரத்துக்குப் பிறகு, பேருந்துகளில் இருந்த தலைவர்களின் பெயர்களை அரசு அழித்த வருடம் அது. அம்பாசமுத்திரம் செல்லும் பேருந்தில் எனக்குப் பின்னாலிருந்த பெண், நடத்துநரிடம் கேட்டாள்.

“அண்ணாச்சி, பேர அழிச்சாச்சுல்லா? இனி எங்க காலனியில நிக்குமா?”

“நிப்பாட்ட உத்தரவு வரலியே, தாயி.”

“பெயிண்டு அடிக்க ஆளிருக்கு, பிரேக்கு போடக் காலில்லையாக்கும்! புள்ளத்தாச்சி மருமவ அடுத்த ஊர் வரைக்கும் நடந்து வந்து ஏறுதா. அங்கன நிக்கவனுவ என்னெல்லாம் ஏசுதானுவ தெரியுமா?”

“காலனிகிட்ட கல்லெறி விழுந்ததுன்னு ஆபீசுல ஸ்டாப்ப எடுத்துட்டாங்க.”

“எறிஞ்சது நாங்களா?”

“இல்ல. அடுத்த ஊர்க்காரனுவதான்.”

அது எனக்கும் தெரியும். எறிந்தவர்கள் என் சாதிக்காரர்கள் என்று தெரிந்தே, காலனி நிறுத்தத்தை நீக்கிக் கையெழுத்திட்ட அதிகாரி நான்.

காலனியைத் தாண்டி அடுத்த ஊரில் பேருந்து நின்றதும் அவள் இறங்கி, வந்த வழியே காலனிக்குத் திரும்பி நடந்தாள். நான் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.