ஜன்னல் பக்கத்து ஸ்பீக்கர்

அக்டோபர் 14, செவ்வாய். பிஷ்கெக்.

ஜன்னல் பக்கம் இருக்கும் இடது ஸ்பீக்கர் பழுது என்று நேற்று இந்த நோட்டில் உறுதியாக எழுதிவிட்டேன். சரிபார்க்காமல் எழுதியது என் தவறு. இன்று மாலை என் அக்கா ஜிபராவும் நானும் பேசியதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

– அப்போ புதுசு வாங்கியே தீரணும்ங்கறே.

– வேற வழியில்லக்கா. வெள்ளிக்கிழமை ஒலிக்கலவைப் பரீட்சை. ஒத்தை ஸ்பீக்கரை வெச்சுப் பழக முடியுமா? பாஸானாத்தான் நாடக அரங்கத்துல வேலை. இல்லேன்னா ஆயுசுக்கும் தகரப் பட்டறைதான்.

– வாங்கு விஞ்ஞானி, வாங்கு. புதுப் பொருள் வாங்கினா விருந்து வெச்சுக் 'கழுவணும்'னு மொத்தக் கட்டடமும் வந்து உக்காரும். கறிச்சோறு போடாம ஒருத்தரும் எந்திரிக்க மாட்டாங்க. போன வருஷம் ஒரு கெட்டில் வாங்கினேன். அதைக் கழுவ ஒரு முழு ஆடு போச்சு.

– போர்வையில சுத்தி எடுத்துட்டு வந்துடறேன்.

– போர்வையப் பாத்தா கட்டில் வாங்கிட்டோம்னு ரெண்டு ஆடு கேப்பாங்க. பேசாம ரிப்பேர் பண்ணு.

– ஓஷ் பஜார் ரேடியோக்காரர்கிட்ட ரெண்டு தடவை தூக்கிட்டுப் போனேன். ஒண்ணும் பழுதில்லைங்கறார்.

– முப்பது வருஷமா ரேடியோ பிரிக்கறவருக்கு என்ன தெரியும்? மூணு மாசமா மாலை வகுப்புக்குப் போற உனக்குத்தானே தெரியும்.

– கிண்டல் பண்ணாம கேளேன். ஜன்னல் பக்கத்துது கம்பளிக்குள்ள பேசற மாதிரி இருக்கு.

– எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது.

– உன் காது பழகின காது இல்லக்கா.

– ஆமாமா, என்னுது சந்தைக் காது, உன்னுது அரண்மனைக் காது. ரெண்டையும் இடம் மாத்தி வெச்சுப் பாத்தியா?

– இல்ல.

– பத்துப் பக்கம் கோடு போட்டு எழுதியிருக்கே. இதை மட்டும் செய்யல.

– இரு, முறைப்படி செஞ்சுடறேன்... ம், மாத்தியாச்சு. போடு பாட்டை.

– இப்ப எது மோசம்?

– ஜன்னல் பக்கம்தான்.

– அங்க இப்ப நல்ல ஸ்பீக்கர்தானே இருக்கு?

– ஆமா. அது கெட்டுப்போச்சு. கெட்டது வாசப்பக்கம் போய் நல்லாப் பாடுது.

– அடேயப்பா! தொத்து வியாதி.

– அப்படின்னா ஆம்ப்ளிஃபயர்லதான் கோளாறு. அதையும் புதுசா வாங்கணும்.

– மூணாவது ஆடு. எந்திரி. நாற்காலியத் திருப்பிப் போடு. ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டி உக்காரு.

– எதுக்கு?

– நீ மொறச்சுப் பாக்கறது அதுங்களுக்குக் கூச்சமா இருக்கு. உக்காரேன்.

– உக்காந்தாச்சு.

– இப்ப எது அமுங்கியிருக்கு?

– ஜன்ன... இல்ல. இரு.

– அவசரமில்ல.

– வாசப்பக்கத்துது. ஜன்னல் பக்கம் நல்லாக் கேக்குது.

– கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லு.

– வாசப்பக்கத்துதுதான்க்கா. நீ ஏதாவது வயரைத் தொட்டியா?

– நான் ஒண்ணையும் தொடல.

– பின்ன எப்படி?

– எல்தியார், பட்டறையில தகரம் அறுக்கற மெஷின் உனக்கு எந்தப் பக்கம்?

– இடப்பக்கம். ஏன்?

– திரும்பி உக்காந்தாலும் அமுங்கறது உன் இடப்பக்கம்தான்.

– அக்கா? கிண்டலாவது பண்ணு.

– நாளைக்குப் பட்டறைக்கு வரலேன்னு சொல்லிடு. எட்டு மணிக்குக் காது டாக்டரப் பாக்கப் போறோம்.